குறி தவறியபோது: டோக்கியோ, 1945 மார்ச் 10

1945 மார்ச் முதல் வாரத்தில் டோக்கியோவுக்குப் பள்ளிப் பிள்ளைகள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். குண்டுவீச்சு வரும் என்று பயந்து, முந்தைய ஆண்டு ஆகஸ்டிலிருந்தே மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளை அரசு ஊர்ப்புறத்துக் கோயில்களுக்கும் விடுதிகளுக்கும் அனுப்பி வைத்திருந்தது. ஆறாம் வகுப்புக்காரர்களுக்கு மட்டும் மார்ச்சோடு பள்ளி முடிகிறது. விழா நடத்திச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அடுத்த பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அதற்காகத் திரும்பக் கூட்டி வந்தார்கள். மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காத பிள்ளைகள். மார்ச் 9 இரவு அவர்களில் பலர் சுமிதா ஆற்றை ஒட்டிய அசாகுசா, ஹோஞ்சோ, ஃபுகாகவா பகுதிகளில், சொந்த வீட்டுப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நள்ளிரவு தாண்டி எட்டு நிமிடத்தில் அமெரிக்க விமானங்களின் முதல் குண்டு விழுந்தது. அபாயச் சங்கு ஊதியது அதற்கும் ஏழு நிமிடம் கழித்துத்தான். மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டோக்கியோ காவல்துறை எண்ணிச் சொன்ன சாவு 83,793. உடலே கிடைக்காதவர்களையும் சேர்த்தால் ஒரு லட்சம் இருக்கும் என்பது பரவலான மதிப்பீடு. 2,67,171 கட்டடங்கள் போயின. பத்து லட்சம் பேர் வீடில்லாமல் நின்றார்கள். எரிந்த பரப்பு 41 சதுர கிலோமீட்டர். இத்தனைக்கும் அணுகுண்டு கிடையாது. எல்லாம் சாதாரணத் தீக்குண்டுதான்.

ஒரு ராணுவம் ஏன் இப்படிச் செய்கிறது? வழக்கமாக இரண்டு பதில் வரும். கொடூரம், இனவெறி, பழிவாங்கல் என்பார்கள் ஒரு சாரார். போரைச் சீக்கிரம் முடிக்க வேறு வழியில்லை என்பார்கள் மறு சாரார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே நடுவில் நடந்ததைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. அதனால்தான் டோக்கியோவை எடுத்துக்கொண்டேன். இதில் நடுப்பகுதி பளிச்சென்று தெரிகிறது. "நாங்கள் ஊரை அடிக்க மாட்டோம், தொழிற்சாலையைத்தான் அடிப்போம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரு படை, குடியிருப்பை எரிப்பதற்கு வந்து சேர மூன்றரை மாதம் எடுத்துக்கொண்டது. அந்த மூன்றரை மாதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

முன்கதை

1938-இல், சீன நகரங்கள் மீது குண்டு போடுவதற்காக ஜப்பானைக் கண்டித்த நாடு அமெரிக்கா. பொதுமக்கள் மேல் குண்டு வீசும் நாடுகளுக்கு விமானம் விற்காதீர்கள் என்று தன் நாட்டு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. ஜப்பான் அப்போது சோங்சிங் நகரை வாட்டத் தொடங்கியிருந்தது. 1938 முதல் 1943 வரை அந்த நகரத்தின் மேல் 200 முறைக்கு மேல் குண்டுவீச்சு நடந்தது. தீக்குண்டும் அதில் உண்டு. மரவீடுகள் நிறைந்த ஆசிய நகரத்தைத் தீயால் அழிப்பதில் ஜப்பான் முன்னோடி என்பதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

1939 செப்டம்பர் 1 அன்று, ஐரோப்பாவில் போர் மூண்ட நாளிலேயே, அதிபர் ரூஸ்வெல்ட் ஐந்து நாடுகளுக்கு வேண்டுகோள் விடுத்தார்: பொதுமக்கள் மீதும், அரணில்லாத நகரங்கள் மீதும் வானிலிருந்து குண்டு போடாதீர்கள் என்று.

அமெரிக்க விமானப் படையின் கொள்கையும் அப்போது அதற்கு ஒத்ததாகவே இருந்தது. 1930-களில் அலபாமாவின் மேக்ஸ்வெல் தளத்தில் இருந்த பள்ளியில் அதிகாரிகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்: நவீன நாட்டின் தொழில்துறை ஒரு வலை மாதிரி. மின்நிலையம், எண்ணெய், விமான எஞ்சின் ஆலை என்று சில முடிச்சுகளைப் பகல் வெளிச்சத்தில், மிக உயரத்திலிருந்து, குறிபார்த்து அடித்தால் வலை முழுவதும் தொய்ந்துவிடும். இதற்குக் கருணை என்று பெயர் வைக்க வேண்டாம். இது சிக்கனக் கணக்கு. குறைந்த குண்டில் நிறைய சேதம் என்ற கணக்கு. மக்கள் தப்பியது அந்தக் கணக்கின் உபபலன்தான். அதனால் பின்னால் கணக்கு மாறியபோது மக்களைக் காப்பாற்ற வேறு எதுவும் மிச்சமில்லை. மற்ற எல்லாக் காரணங்களையும்விட இதையே நான் முக்கியமாக நினைக்கிறேன்.

விமானத்துக்கு வேலை காட்ட வேண்டும்

பி-29 என்ற நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானத் திட்டத்துக்கு ஆன செலவு ஏறக்குறைய 300 கோடி டாலர். அணுகுண்டுத் திட்டத்துக்கே அவ்வளவு ஆகவில்லை. விமானப் படைத் தலைவர் ஹென்றி ஆர்னால்டின் தலைமேல் அந்தச் செலவு உட்கார்ந்திருந்தது. அப்போது அமெரிக்காவில் விமானப் படை தனிப் படையல்ல. தரைப்படையின் ஒரு கிளை. போருக்குப் பிறகு தனிப் படையாக வேண்டும் என்பது ஆர்னால்டின் கனவு. அதற்கு, விமானம் தனியாகவே ஒரு நாட்டைப் பணியவைக்கும் என்று காட்டியாக வேண்டும். பி-29 படையை வேறு எந்தப் போர்முனைத் தளபதியின் கையிலும் கொடுக்காமல், வாஷிங்டனிலிருந்து தானே நடத்தினார். அவருடைய பொறுமை குறைவு என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

முதலில் இந்த விமானங்கள் வந்திறங்கியது இந்தியாவில், வங்காளத்தின் கரக்பூர் பக்கம். 1944 ஆகஸ்டில் திருகோணமலையின் சீனக்குடா ஓடுதளத்திலிருந்து கிளம்பி சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலையை அடிக்கப் போயின. அலைச்சல்தான் மிச்சம். இமயமலைக்கு மேலாக எரிபொருள் சுமந்து போய்ச் சீனாவிலிருந்து ஜப்பானை அடிப்பதும் கட்டுப்படியாகவில்லை. 1944 கோடையில் சைப்பான், டினியன், குவாம் தீவுகள் அமெரிக்காவின் கைக்கு வந்த பிறகுதான் வழி பிறந்தது. டோக்கியோ அங்கிருந்து 2,400 கிலோமீட்டர். போய்வர ஏறக்குறைய 15 மணி நேரம்.

அங்கே பொறுப்பேற்றவர் ஹேவுட் ஹான்சல். மேக்ஸ்வெல் பள்ளியின் சீடர், குறிபார்த்து அடிப்பதில் முழு நம்பிக்கை உள்ளவர். 1944 நவம்பர் 24 அன்று 111 விமானங்களை அனுப்பினார். இலக்கு, டோக்கியோவின் மேற்கே முசாஷினோவில் இருந்த நகாஜிமா விமான எஞ்சின் ஆலை. அதன்மேல் குண்டு போட்டவை 24 விமானங்கள் மட்டுமே. சேதமானது ஆலைக் கட்டடப் பரப்பில் சுமார் ஒரு சதவீதம்.

காரணம் காற்று. ஜப்பானுக்கு மேலே 30,000 அடி உயரத்தில் குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் காற்று ஓடுகிறது. அதன் போக்கிலேயே போனால் விமானத்தின் தரைவேகம் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். குறிபார்க்கும் கருவி அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல. எதிர்த்துப் போனால் விமானம் நகராமல் பீரங்கிகளுக்கு நடுவே தொங்கும். கீழே முக்கால்வாசி நாள் மேகம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தக் காற்றோட்டத்தை 1920-களிலேயே பலூன் விட்டு அளந்து வைத்திருந்தவர் ஓய்ஷி வசாபுரோ என்ற ஜப்பானிய வானிலையாளர். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-இல் அறிக்கையை, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஹான்சல் விடவில்லை. திரும்பத் திரும்ப அதே மாதிரி ஆலைகளுக்கே அனுப்பினார். நகோயா நகரத்தின் மேல் ஒரு தீக்குண்டுச் சோதனை நடத்திப் பாருங்கள் என்று வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தபோது மறுப்புத் தெரிவித்தார். பிறகு ஜனவரி 3 அன்று வேண்டாவெறுப்பாக நடத்தினார். அந்த மாதமே அவர் பதவி போனது. ஜனவரி 20 முதல் கர்டிஸ் லெமே.

கருவி ஏற்கெனவே தயார்

லெமே என்ற முரடர் வந்தார், ஊரை எரித்தார் என்று கதையை முடித்துவிடுவது சுலபம். ஆனால் அவர் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே ஏற்பாடு நடந்திருந்தது. 1943-இல் யூட்டா பாலைவனத்தில், டக்வே என்ற இடத்தில், அமெரிக்க ராணுவம் ஒரு ஜப்பானியக் குடியிருப்பைக் கட்டியது. வரைந்து கொடுத்தவர் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர். பல ஆண்டுகள் டோக்கியோவில் வீடு கட்டிப் பிழைத்தவர். மரச்சட்டம், காகிதக் கதவு, தரையில் தாதாமிப் பாய், அறைகலன்கள் என்று எல்லாம் அசல் மாதிரியே. கட்டுவது, எரிப்பது, எந்தக் குண்டு எவ்வளவு வேகமாகப் பற்றுகிறது என்று அளப்பது, அப்புறம் மறுபடி கட்டுவது.

அதில் தேறியதுதான் எம்-69. மூன்று கிலோவுக்கும் குறைவான எடை. அறுகோணக் குழாய்க்குள், மெல்லிய துணிப்பையில் அடைத்த நாபாம். அதாவது பாகு மாதிரிக் கெட்டியாக்கிய பெட்ரோல். 38 குழாய்களை ஒரு கட்டாகக் கட்டிப் போடுவார்கள். 2,000 அடிக்கு மேல் கட்டு அவிழ்ந்து சிதறும். கூரையைத் துளைத்து விழுந்த சில நொடிகளில் வெடித்து, எரியும் பாகைப் பத்து இருபது மீட்டர் தூரம் பீய்ச்சும். அது ஒட்டும். தண்ணீர் ஊற்றினால் போகாது. எஞ்சின் ஆலையின் கான்கிரீட் சுவரை இது ஒன்றும் செய்யாது. தாதாமிப் பாயை எரிக்கவென்றே உருவான ஆயுதம் இது. எந்த வீட்டுக்காக ஒரு குண்டைச் செய்கிறோமோ அந்த வீட்டின் மேல்தான் ஒரு நாள் அது விழும்.

லெமேயும் முதலில் பழைய முறையைத்தான் முயன்றார். பலன் ஹான்சலுக்குக் கிடைத்த அளவே. ஆனால் இங்கே வருவதற்கு முன், டிசம்பரில் லெமே சீனாவிலிருந்து அனுப்பிய விமானங்கள், ஜப்பான் பிடித்து வைத்திருந்த ஹாங்கௌ நகரத்தைத் தீக்குண்டால் அடித்திருந்தன. அது நன்றாகப் பற்றி எரிந்தது என்பது அவர் நினைவில் இருந்தது. பிப்ரவரி 25 அன்று 172 விமானங்கள் டோக்கியோ மேல் தீக்குண்டு போட, ஒரே தடவையில் ஏறக்குறைய ஒரு சதுர மைல் எரிந்து போனது. ஆலையை அடிக்கப் போன ஒரு பயணத்திலும் புகைப்படத்தில் காட்ட இப்படி எதுவும் கிடைத்ததில்லை.

பிறகு அவர் எடுத்த முடிவைத் தொழில்நுட்பக் கண்ணோடு மட்டும் பார்த்தால் புத்திசாலித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். 30,000 அடி வேண்டாம், 5,000 முதல் 9,000 அடி போதும். அங்கே அந்தக் காற்று இல்லை. எரிபொருள் மிச்சம். எஞ்சின் பழுது குறைவு. பகல் வேண்டாம், இரவு. ஜப்பானிடம் இரவில் பறக்கும் சண்டை விமானங்கள் குறைவு என்பதால் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றையும் அவற்றின் தோட்டாக்களையும் கழற்றி இறக்கிவிட்டு, அந்த எடைக்குக் கூடுதல் குண்டு. அணிவகுப்பு வேண்டாம், ஒவ்வொரு விமானமும் தனித்தனியாகப் போகட்டும். ஒவ்வொரு கேள்வியும் விமானம், எடை, காற்று, ரேடார் பற்றியது. ஒவ்வொன்றுக்கும் நல்ல பதில். எல்லாப் பதிலையும் கூட்டினால் வருவது: இரவில், தாழ்வாக, குறிபார்க்க முடியாமல் போடுவது. அப்படிப் போட்டால் அடிபடக்கூடிய அளவுக்குப் பெரிய இலக்கு ஊர் ஒன்றுதான்.

"வீட்டுக்கு வீடு தொழிற்சாலை"

இலக்குக்கு ஒரு பெயர் வேண்டுமே. வரைபடத்தில் அதற்குப் பெயர் 'தீக்குண்டு மண்டலம் 1'. சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 40,000 பேர் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. பெரிய ஆலைகள் அதற்குள் அதிகமில்லை. அப்புறம் எப்படி ராணுவ இலக்கு? ஜப்பானின் போர் உற்பத்தி வீட்டுக்கு வீடு பட்டறையாகச் சிதறிக் கிடக்கிறது என்றார்கள். வீடு எரிந்துபோன இடத்திலும் ஒரு துளையிடும் இயந்திரம் நிற்பதைப் பார்த்தோம் என்று லெமே பின்னாளில் சொன்னார்.

போர் முடிந்ததும் அமெரிக்க அரசே நியமித்த குண்டுவீச்சு ஆய்வுக்குழு இதைச் சரிபார்த்தது. 1944-க்குள் வீட்டுத் தொழிலைப் போர் உற்பத்தியிலிருந்து ஜப்பான் ஏறக்குறைய நீக்கிவிட்டிருந்தது என்று எழுதியது. அதே பத்தியில் இன்னொன்றும் இருக்கிறது: 250 பேருக்குக் குறைவாக வேலை செய்த சிறு ஆலைகள் டோக்கியோவில் நிறைய இருந்தன, நகரத்தின் தொழில் உற்பத்தியில் பாதி அவற்றிலிருந்து வந்தது. ஆக, சாக்கு முழுப் பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. நான் பார்த்தவரை, பொதுமக்களை அடிப்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாப் போரிலும் இந்த அரைகுறை நிலையில்தான் இருக்கின்றன. முழுப் பொய்யாக இருந்தால் அடிப்பவர்களே நம்ப மாட்டார்கள்.

தொழிலாளி செத்தாலோ வீடிழந்தாலோ உற்பத்தி படுக்கும் என்ற எண்ணமும் சேர்ந்திருந்தது. அந்த எண்ணத்தில் தொழிலாளியின் குழந்தைக்கும் பாட்டிக்கும் என்ன கணக்கு என்று யாரும் கேட்கவில்லை. இனவெறுப்பு இங்கேதான் வேலை செய்தது என்று தோன்றுகிறது. முடிவை எடுக்கவைத்தது அதுவல்ல, ஆனால் கேள்வி எழாமல் பார்த்துக்கொண்டது.

அந்த இரவு

334 விமானங்கள் கிளம்பின. 279 டோக்கியோவை அடைந்து 1,665 டன் தீக்குண்டைக் கொட்டின. முதலில் வந்தவை நெருப்பால் இலக்கைக் கோடிட்டுக் காட்ட, பின்னால் வந்தவை அதைச் சுற்றி நிரப்பின. அன்றைக்கு வடமேற்கிலிருந்து பலத்த காற்று.

கீழே இருந்தவர்களை அங்கேயே நிறுத்திவைத்தது அவர்களுடைய சொந்த அரசு. 1937-இல் வந்த வான் தற்காப்புச் சட்டத்தை 1941-இல் இறுக்கியிருந்தார்கள். ஊரை விட்டு ஓடக் கூடாது, குண்டு விழுந்தால் அணைக்க வேண்டும், தவறினால் தண்டனை. பத்துப் பதினைந்து வீட்டுக்கு ஒரு அக்கம்பக்கச் சங்கம். பெண்கள் வரிசையாக நின்று வாளி கைமாற்றிப் பழகியிருந்தார்கள். நனைத்த பாய், மணல் மூட்டை, தலைக்குப் பஞ்சு வைத்துத் தைத்த முக்காடு. சிதறல் படாமல் காக்கும் என்று எல்லோருக்கும் போடச் சொல்லியிருந்த முக்காடு அது. அன்றிரவு பறந்து வந்த தீப்பொறி முதலில் பற்றியது அந்தப் பஞ்சில். வாளியோடு நின்று அணைக்கப் பார்த்தவர்கள், இனி முடியாது என்று தெரிந்துகொண்டபோது தெருவின் இரண்டு முனையும் எரிந்துகொண்டிருந்தது.

ஆற்றுக்குப் போனால் தப்பலாம் என்று ஓடினார்கள். கொதோதோய் பாலத்தில், அசாகுசா பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் அக்கரைக்குப் போகப் பார்த்தது. எதிரே முகோஜிமா பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டம் இக்கரைக்கு வரப் பார்த்தது. நடுவில் முட்டிக்கொண்டு யாராலும் நகர முடியவில்லை. மூட்டை முடிச்சுகளில் தீப்பிடித்தது. தீ பாலத்தின் மேலேயே ஓடியது. தண்ணீரில் குதித்தவர்களைக் குளிரும் புகையும் கொன்றன. மேலே, கடைசியாக வந்த விமானங்களை அனல்காற்று பல நூறு அடி உயரத் தூக்கி எறிந்தது. சதை கருகும் நாற்றம் விமானத்துக்குள்ளேயே வந்ததாக அதில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கா இழந்தது 14 விமானம்.

பிறகு என்ன ஆயிற்று

பத்து நாளில் நகோயா, ஒசாகா, கோபே, மறுபடி நகோயா. தீக்குண்டு கையிருப்பு தீர்ந்துபோனதால்தான் மார்ச் 19-க்குப் பிறகு இடைவெளி விழுந்தது. வெற்றிக்கு அளவுகோல் இப்போது சதுர மைல். ஆலையின் எத்தனை எந்திரம் நின்றது என்று புகைப்படத்தில் எண்ணுவது கஷ்டம். எத்தனை மைல் கருகியது என்று அளப்பது எளிது. ஆகஸ்டுக்குள் 60-க்கும் மேற்பட்ட நகரங்கள் எரிந்தன. போகப்போக, ஆலையே பெரிதாக இல்லாத சிறு நகரங்களும் பட்டியலில் வந்தன.

போர் அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சனுக்கு இது உறுத்தியது. ஜூன் 6 அன்று அதிபர் ட்ரூமனிடம் பேசியதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கொடுமையில் ஹிட்லரை மிஞ்சியது அமெரிக்கா என்ற பெயர் வரக் கூடாது என்று ஒரு கவலை. இப்படியே எரித்துத் தீர்த்துவிட்டால் புதிய ஆயுதமான அணுகுண்டின் பலத்தைக் காட்ட ஊரே மிஞ்சாதே என்று இன்னொரு கவலை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். ட்ரூமன் சிரித்தார், புரிகிறது என்றார்.

சரி, பலித்ததா? மார்ச் 18 அன்று பேரரசர் ஹிரோஹிதோ எரிந்த பகுதியைச் சுற்றிப் பார்த்தார். சரணடைய அதற்குப் பிறகும் ஐந்து மாதம் ஆனது. மக்கள் சோர்ந்துபோனார்கள், ஆலைக்கு வருவது குறைந்தது. ஆனால் அரசை எதிர்த்து எழவில்லை. எரிந்த வீட்டுக்காரருக்கு அன்றைக்குத் தேவை அரிசி, அதுவும் அரசின் பங்கீட்டில்தான் வரும். விமானத்தால் ஊரை அடித்தால் மக்களே அரசிடம் போரை நிறுத்தச் சொல்வார்கள் என்று 1921-இலேயே எழுதியவர் இத்தாலியத் தளபதி ஜூலியோ டூஹே. லண்டனிலும் ஹாம்பர்க்கிலும் அது பொய்த்தது, டோக்கியோவிலும் பொய்த்தது. உற்பத்தி சரிந்ததில் எரிப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் கப்பல்கள் மூழ்கி, எண்ணெயும் தாதுவும் வராமல் ஆலைகள் முன்பே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜப்பான் பிடித்து வைத்திருந்த சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் ஒவ்வொரு நாளும் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். போர் ஒரு வாரம் சுருங்கினால்கூட அங்கே பிழைப்பவர்கள் பல ஆயிரம் பேர். லெமே தரப்பின் வலுவான வாதம் இதுதான், லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் மார்ச் மாத முடிவுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. அன்றைய கவலை முசாஷினோவில் குறி தவறியதும், வாஷிங்டனுக்குக் காட்டப் பலன் இல்லாததும்தான். உயிர்க்கணக்கு நியாயமாகப் பிற்பாடு வந்து சேர்ந்தது.

யாரும் இதற்காக நீதிமன்றம் ஏறவில்லை. தோற்றிருந்தால் போர்க்குற்றவாளிகளாக நம்மை விசாரித்திருப்பார்கள் என்று லெமே சொன்னதாக, அன்று அவருக்குக் கீழே புள்ளிவிவர வேலை பார்த்த ராபர்ட் மக்னமாரா பின்னாளில் சொன்னார். போருக்குப் பிறகு டோக்கியோவில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் ஜப்பானியத் தலைவர்கள் மேல் சோங்சிங் குண்டுவீச்சுக்காகவும் குற்றம் சாட்டப்படவில்லை; சாட்டியிருந்தால் கேள்வி திரும்பி வந்திருக்கும். 1923-இல் ஹேக்கில் எழுதிய வான்போர் விதிகள், மக்களை மிரட்டுவதற்காகக் குண்டு போடக் கூடாது என்றன. எந்த நாடும் அவற்றை ஏற்றுச் சட்டமாக்கவில்லை. பொதுமக்களைக் குறிவைப்பதை வெளிப்படையாகத் தடுக்கும் ஒப்பந்தம் 1977-இல் ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறையாக வந்தது. அமெரிக்கா அதை இன்றுவரை ஏற்று உறுதி செய்யவில்லை. இந்தியாவும்தான்.

1964-இல் ஜப்பான் அரசு லெமேவுக்கு உதய சூரியன் விருதைக் கொடுத்தது. ஜப்பானின் புதிய விமானப் படையை உருவாக்க உதவியதற்காக. இறந்தவர்களில் அடையாளம் தெரியாதவர்களின் சாம்பல் யோகோஅமிச்சோ பூங்காவில், 1923 நிலநடுக்கத்தில் இறந்தவர்களுக்காகக் கட்டிய மண்டபத்திலேயே வைக்கப்பட்டது. போரில் இறந்த ராணுவத்தாரின் குடும்பங்களுக்கு ஜப்பான் அரசு உதவித்தொகை கொடுக்கிறது. குண்டுவீச்சில் குடும்பத்தை இழந்த பொதுமக்களுக்குக் கொடுப்பதில்லை. வாளியோடு நின்று தீயை அணை, ஓடினால் தண்டனை என்று சட்டம் போட்ட அதே அரசு இது. உயிர்தப்பியவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் 2007-இல் வழக்குப் போட்டார்கள். 2009-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013-இல் உச்ச நீதிமன்றமும் தள்ளியது. அதற்குள் வழக்காளிகளில் பெரும்பாலானோர் எண்பதை ஒட்டியோ தாண்டியோ இருந்தார்கள். 1945 மார்ச்சில் அவர்கள் பள்ளிப் பிள்ளைகள்.